கரண்டி யார் கையில்?



பள்ளி உணவு என்றதும் வருகைப் பதிவேட்டையும் பிள்ளைகளின் எடையையும் காட்டுகிறோம். இரண்டும் முக்கியம்தான். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் உணவு வழங்கியபோதும், 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும் பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையே கண்முன் நின்றது. 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அது வளர்ந்திருக்கிறது.

ஆனால் தட்டில் சோறு விழுந்ததும், சமைத்தது யார் என்று ஊர் கேட்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? எதிர்த்தவர்களை விட்டுவிட்டு அவரை இடமாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

சமையல் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே பந்தியில் உட்காருவது பாதிச் சமத்துவம். யார் சமைத்தாலும் வாங்கி உண்பதுதான் மீதி. அந்தச் சோற்றைத் தொடாதே என்று டப்பா கட்டி அனுப்பும் பெற்றோர், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தீண்டாமையைப் பாடமாக நடத்துகிறார்கள்.

'சமாதானப் பேச்சு' என்ற பெயரில் சமையலரை இடமாற்றுவதை இனி ஏற்கக் கூடாது. தடுத்தவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும். மறுநாளும் அதே அடுப்பில் அதே பெண் சமைக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் சமைப்பவரை எப்படி நடத்துகிறார்கள்? நாளைக்கே போய்க் கேளுங்கள்.