சிறு நீராவி எஞ்சினும் நேரிய துளையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மண்டபத்தின் வாயிலில், ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுள்ள நீராவி எஞ்சின் ஒன்று சுழன்றுகொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1950 முதல் 1972 வரை 2,351 நீராவி எஞ்சின்களை ஈன்ற இச் சித்தரஞ்சன் நகரில் இஃதொரு பெருஞ்செயல் அன்று. எனினும், நாங்கள் ஐவர் ஓராண்டின் மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு இதனை ஆக்கினோம். இடையில் ஒருமுறை தோற்றோம். அத் தோல்வி கற்பித்ததைக் கூறவே இங்கு நிற்கின்றோம்.

வார்ப்படம் என்பது மணல் அச்சில் உருகிய இரும்பை ஊற்றிப் பெறுவது. அதில் நேர்கோடும் இல்லை, செங்கோணமும் இல்லை. அதன் மேற்றோல் கடினமானது. மணற்றுகளும் அதிற் பதிந்திருக்கும். முதல் வெட்டு மிக மெல்லியதாயின், உளியின் கூர் அத்தோலிலேயே தேய்ந்தழியும். ஆதலின், தோலுக்கு அடியிற் புகுமாறு ஆழ வெட்டுதல் வேண்டும். இவ்வளவும் அறிந்தே தொடங்கினோம்.

அறியாதது வேறு. சிலிண்டர் வார்ப்படத்தின் நடுவே, வார்க்கும்போதே விடப்பட்ட துளை ஒன்று உண்டு. அது நேராக இருக்குமென நம்பி, பெரிய டிரில் ஒன்றை அதனுள் செலுத்தினோம். துளையோ ஒருபுறம் சாய்ந்திருந்தது. டிரில் தன் வழியே செல்லாது, அத்துளையின் வழியே சென்றது. அளந்து பார்த்தோம்; ¾ அங்குலம். விட்டம் சரி, திசை பிழை! மூடியைப் பொருத்தியபோது பிஸ்டன் தண்டு இறுகி நின்றுவிட்டது.

அவ்வார்ப்படம் உறுப்பினர்கள் மனமுவந்து அளித்த நன்கொடையில் வாங்கியது. பொருளாளரிடம் சென்று உண்மையைச் சொல்ல எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் சினந்தாரில்லை. “காரணத்தைக் கண்டு வாருங்கள், பிறகு பணம் தருகிறேன்” என்றார்.

தேடியபோது, எங்கள் பிழை 250 ஆண்டுப் பழமையுடையது எனக் கண்டோம். ஜேம்ஸ் வாட் 1763-64இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், நியூகமன் எஞ்சினின் சிறு மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கப் புகுந்தார். அதன் பயனாக, நீராவியைத் தனிக்கலத்திற் குளிர்விக்கும் கருத்து 1765இல் பிறந்தது. 1769இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆயினும், நீராவி கசியாத சிலிண்டர் கிட்டாமல் ஆண்டுகள் கழிந்தன. அந்நாளில் வெட்டும் தலையைத் தாங்கிய தண்டு ஒரு முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருந்தது. ஆகவே, வார்ப்படத்தின் கோணலையே பின்பற்றிற்று. ஜான் வில்கின்சன் அத்தண்டைச் சிலிண்டரின் ஊடே செலுத்தி, இரு முனைகளிலும் தாங்கினார். வளைய வழியற்ற தண்டு நேர்வழியே சென்றது. 50 அங்குலச் சிலிண்டரில் பழைய ஷில்லிங் ஒன்றின் தடிப்பளவு பிழையும் இல்லையென வாட்டின் கூட்டாளி போல்டன் மகிழ்ந்தெழுதினார். 1776இல் வாட்டின் எஞ்சின்கள் தொழிலுக்கு வந்தன.

இரண்டாம் வார்ப்படத்தில் டிரிலைத் தொடவில்லை. லேத்தின் நான்கு தாடைச் சக்கில் வார்ப்படத்தைப் பற்றி, சுவரின் தடிப்பு எப்புறமும் ஒத்திருக்குமாறு நிறுத்தினோம். ஒற்றைக் கூருடைய, குட்டையான தடித்த உளியாற் சிறிது சிறிதாகக் குடைந்தோம். அது பழைய துளைக்குப் பணிவதன்று. லேத்தின் அச்சுக்கே பணிவது. இறுதியில் ஆழத்தைக் கூட்டாமலே உளியை மேலும் இருமுறை ஓட்டினோம். உளி வளைந்துகொடுத்து விட்டுவைத்த எச்சமும் நீங்கிற்று.

வார்ப்படத்தைக் கழற்றுமுன்னரே அதன் முகப்பையும் கடைந்தோம். ஒரே பிடிப்பிற் கடைந்தமையால், துளையும் முகப்பும் செங்கோணம் தவறவில்லை. பின்னர்த் துளையினுள் நேரிய தண்டொன்றை இறுகச் செருகி, அதனைப் பற்றி மறுமுகப்பையும் கடைந்தோம். வால்வு முகத்தையும் துளைக்கு இணையாகவே அமைத்தோம். அனைத்திற்கும் துளையே தாய்.

மூடியைப் பொருத்தி, தண்டை விரலால் தள்ளினோம், தடையின்றிச் சென்றது. சைக்கிள் பம்பினாற் காற்றூட்டினோம், சக்கரம் சுழன்றது. அன்றிரவு பொருளாளரையும் எழுப்பி அழைத்து வந்து காட்டினோம்.

பழுதான வார்ப்படத்தையும் எஞ்சினருகே வைத்துள்ளோம். நம் இளைஞர்கள் அதனையே முதலிற் கையிலெடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். அளவு சரியாயிருந்தும் பயன்படாமற்போனது எவ்வாறு என்பதை அது தெளிவாகக் கூறும்.