குருதியின் குருத்து



இலையை அறுக்க அறுக்க வாழை குருத்து விட்டுக்கொண்டே இருக்கிறது. நம் எலும்பு மஜ்ஜையிலும் அத்தகைய குருத்தணுக்கள் உண்டு. செவ்வணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாளே. ஆகவே நொடிதோறும் சுமார் 20 இலட்சம் செவ்வணுக்கள் புதிதாய்ப் பிறந்தாக வேண்டும். அவற்றை ஈன்றும் தாம் குன்றாதிருப்பது இக்குருத்தணுக்களின் தனித்தன்மை. கனடா நாட்டு அறிஞர்களான டில், மெக்கல்லக் இருவரும் 1961-ல் எலிகளை ஆராய்ந்து இவை உளவென்பதற்குச் சான்று கண்டனர்.

இரத்தப் புற்றுநோயால் மஜ்ஜை கெட்டவருக்குப் பிறருடைய குருத்தணு உயிரளிக்கக்கூடும். இதே மும்பையில், டாட்டா நினைவு மருத்துவமனை 1983-லேயே இச்சிகிச்சையைச் செய்தது. ஆயின் இரத்த வகை ஒத்தால் போதாது. திசு வகை ஒத்தல் வேண்டும். உடன்பிறந்தார் ஒருவரிடம்கூட அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். அயலாரிடம் தேடுங்கால், ஒரே மரபினரிடையே கிட்டும் வாய்ப்பு மிகுதி. நம்மவர் ஒருவர் நோயுற்றால், பொருந்துபவர் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கலாம்!

மகன் எலும்பை இழப்பானோ என்று தாய்மார்கள் அஞ்சவேண்டா. சில நாள் ஊசி மருந்து கொடுத்து, பெரும்பாலும் இரத்தத்திலிருந்தே குருத்தணுவைப் பிரித்தெடுக்கின்றனர். எடுத்த அளவு சில வாரங்களில் ஊறிவிடும். பெயர் பதிவதற்கு வாயிலருகே மேசை இட்டிருக்கிறோம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றித் தருவதே இன்றைய வேலை.