மன்னார்க் கரையில் பெர்னாந்து என்னும் பெயர்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் வாழும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பெயர்கள், அயலூரிலிருந்து வருவோரைச் சற்றே வியக்க வைப்பன. குரூஸ், பீரிஸ், மிராண்டா, கூஞ்ஞ, பெர்னாந்து என்பன அவற்றுட் சில. இப்பெயர்களை உடையோர் வீட்டிற் பேசுவது தமிழ். கோயிலிற் பாடுவது தமிழ். கடலில் வலை வீசுகையில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் இட்டு வழங்கும் பெயர்களும் தமிழே. ஆயினும் குடும்பப் பெயர் மட்டும் ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து வந்தது. இவற்றுள் மிகப் பரவலாக வழங்கும் பெர்னாந்து என்னும் பெயரின் வரலாற்றை ஆராயின், அது போர்த்துக்கல்லோடும் நில்லாது, பழைய ஜேர்மானியக் குலங்கள் வரை நம்மை இட்டுச் செல்லும்.

உரோமைப் பேரரசு தளர்ச்சியுற்ற காலத்தில் வடக்கிலிருந்து பல ஜேர்மானியக் குலத்தார் தெற்கும் மேற்கும் பெயர்ந்தனர். அவருள் சுவேபியர் எனப்பட்டோர் இன்றைய வட போர்த்துக்கல்லும் அதனை அடுத்த கலீசியாவும் அடங்கிய பகுதியில் அரசு அமைத்தனர். மேலைக் கோத்தர் எனப்பட்டோர் 410ஆம் ஆண்டில் உரோமை நகரைச் சூறையாடியபின் மேற்கே சென்று, காலப்போக்கில் தொலேதோ நகரைத் தலைநகராகக் கொண்டு ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்டனர். 585இல் சுவேபியரின் அரசும் இவர்கள் கைப்பட்டது. 711இல் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் கோத்தரின் ஆட்சியை முடிவுறச் செய்தன. கோத்தரின் மொழியும் வழக்கொழிந்தது. ஆனால் அவர்தம் ஆட்பெயர்கள் மட்டும் அந்நாட்டு மக்களிடையே நிலைத்துவிட்டன.

அவ்வாறு நிலைத்த பெயர்களுள் ஒன்றே பெர்னாந்து. இஃது இரு சொற்கள் கூடி அமைந்தது. பின்னுள்ள சொல் துணிவு எனப் பொருள்படும் என்பதில் அறிஞர் பெரிதும் ஒத்துள்ளனர். முன்னுள்ள சொல்லைப் பயணம் என்பார் சிலர்; அமைதி என்பார் சிலர். பயணம் என்னும் பொருளைக் கொண்டால், துணிந்து செல்வோன் என்பது பெயரின் கருத்தாகும். ஆழ்கடலுக்குச் செல்லும் பரதவர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது. எனினும் இப்பொருத்தம் தற்செயலாய் நேர்ந்ததேயன்றி எவரும் அறிந்து தேர்ந்ததன்று. இக்கரையிலும் எதிர்க்கரையிலும் வழங்கும் ரொட்ரிகோ என்னும் பெயரும் இத்தகையதே. புகழ், ஆற்றல் என்னும் பொருளுடைய இரு ஜேர்மானியச் சொற்கள் அதில் அடங்கியுள்ளன. கோத்தரின் இறுதி மன்னன் பெயரும் ரொட்ரிகோ என்பதேயாம்.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்று உளது. பெர்டினந்து என்னும் வடிவில் இப்பெயர் ஜேர்மன் நாடுகளிற் செல்வாக்குப் பெற்றது ஸ்பானியாவின் வழியாகவே. அரகோன் மன்னர் பெர்டினந்துவின் பேரனாய் 1503இல் ஸ்பானியாவிற் பிறந்த இளவரசர் ஒருவர் பாட்டனாரின் பெயரையே பெற்றார். பின்னர் ஆஸ்திரிய நாடுகளை ஆண்டு, பேரரசர் முதலாம் பெர்டினந்து ஆயினார். அதன்பின் அப்பெயர் ஆஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் பரவிற்று. அங்கும் அஃது ஆட்பெயராகவே பெரிதும் வழங்குகிறது; குடும்பப் பெயராக அருகியே காணப்படும். சொல்லின் வேர் ஊன்றிய நாட்டில் அருகிக் காணப்படும் குடும்பப் பெயர், இந்துமாகடலின் கரையில் ஊர்தோறும் வழங்குவதற்குக் காரணம் யாது?

காரணத்தை முத்துக்குளிப்புக் கரையில் தேடவேண்டும். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களை உடைய பாண்டிநாட்டுக் கரையும் மன்னார்க் கரையும் ஒரே குடாக்கடலின் இரு பக்கங்கள். இக்குடாக்கடலின் முத்துப்பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்தல் பரதவரின் பழந்தொழில். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளிப்பின் உரிமை குறித்து அவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்க்கும் கடும் பூசல் விளைந்தது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் பாதுகாப்பை வேண்டினர். அதனைத் தொடர்ந்து 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களிடையே பணிபுரியப் புனித சவேரியார் 1542இல் வந்து சேர்ந்தார்.

ஞானஸ்நானத்தின்போது ஒவ்வொருவர்க்கும் புதுப்பெயர் இடப்பட்டது. ஞானத்தந்தையாய் நின்ற போர்த்துக்கேயரின் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்வதும் அக்கால வழக்கம். இவ்வாறே குரூஸ், வாஸ், கோமஸ், மிராண்டா முதலிய பெயர்கள் கரையெங்கும் பரவின. குரூஸ் என்பதன் பொருள் சிலுவை. கோமஸ் என்பதன் அடியிலும் மனிதன் என்னும் பொருளுடைய ஜேர்மானியச் சொல் உளதென்பர்.

பெர்னாந்து என்பதன் நிலை சற்று வேறானது. போர்த்துக்கல்லில் பெர்னாந்து என்பது ஆட்பெயர். பெர்னாந்துவின் மகன் எனப் பொருள்படும் பெர்னாந்தஸ் என்பதே அங்குக் குடும்பப் பெயர். கோவையிலும் பெர்னாந்தஸ் என்பதே பெருவழக்கு. முத்துக்குளிப்புக் கரையிலும் இலங்கையிலுமோ ஆட்பெயரே விகுதியின்றிக் குடும்பப் பெயராயிற்று. ஞானஸ்நானத்தில் முன்னோர் பெற்ற பெயரை மைந்தர் தம் பெயரோடு சேர்த்து வழங்கத் தொடங்கி, அதுவே வழிவழி நிலைத்தது எனக் கொள்வது பொருந்தும். தந்தை பெயரைச் சேர்த்து வழங்குவது தமிழரின் பழைய முறை. அவ்வாறாயின், பெயர் அயலதாயினும் அது நிலைபெற்ற முறை நம்முடையதே எனலாம்.

மன்னாரில் கிறிஸ்தவப் பெயர்களின் வரலாறு கோட்டை எழுவதற்கு முன்னரே தொடங்குகிறது. சவேரியார் அனுப்பிய குருவானவர் ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ அறுநூறு பேர், 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்டனர். அவர்களை மறைச்சாட்சிகளாக மன்னார் மக்கள் இன்றும் போற்றுகின்றனர். 1560இல் போர்த்துக்கேயப் பதிலரசர் கொன்ஸ்தந்தீனு த பிராகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தபின் மன்னாரைக் கைப்பற்றி, ஆங்குக் கோட்டை அமைக்கச் செய்தார். அதேகாலத்தில் புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலர் மன்னாருக்குக் கொணர்ந்து குடியேற்றப்பட்டனர். எதிர்க்கரையில் ஒரு தலைமுறையாக வேரூன்றிய பெயர்கள் இவ்வாறு கடல் கடந்து மன்னாரை அடைந்தன.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். மாந்தையிலிருந்த அன்னையின் திருவுருவை மக்கள் காட்டுக்குள் எடுத்துச் சென்றதே மடுத் திருப்பதியின் தொடக்கம். ஆனால் பெயர்களுக்கு ஒல்லாந்தர் தடை விதித்தாரல்லர். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்து வைக்கும் தோம்பு என்னும் ஏடுகள் அவர் ஆட்சியில் ஒழுங்காகப் பேணப்பட்டன. வாரிசுரிமைக்கு அப்பதிவே சான்று. ஆகவே மறைவில் செபமாலை செபித்தவர்களும் பதிவேட்டில் தம் பெயரை எழுதுவித்தனர். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடி 1687இல் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளாரும் இத்தகைய குடும்பப் பெயரையே உடையவர். கோவையிற் பிறந்து கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், 1711இல் கண்டியில் மறைந்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். போர்த்துக்கேயப் பெயர் தாங்கியவர் போர்த்துக்கேயர் ஆகார் என்பதற்கு அவரே தக்க சான்று.

இச்செய்தி மன்னார் மக்களுக்கு மிகவும் வேண்டியது. பெயரைக் கேட்ட அளவில், இவர்கள் பறங்கியரின் வழித்தோன்றல்கள் என்று கூறுவோர் உளர். சில குடும்பத்தாரும் அதனைப் பெருமையாகவே ஏற்பர். ஞானத்தந்தையின் பெயர் குருதி உறவைக் காட்டாது. போர்த்துக்கேயக் கலப்புடைய பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தனிச் சமூகமாக உள்ளனர். போர்த்துக்கேயத்தின் வழிவந்த கலப்புமொழி ஒன்று அவர்களிடையே வழங்கி வந்துள்ளது. பரதவரோ சங்கச் செய்யுள்கள் பாடிய நெய்தல்நில மாந்தரின் மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்பவர். பெர்னாந்து என்பது அவர்கள் ஒரு நெருக்கடியில் ஏற்ற சமயத்தின் நினைவே தவிர, பிறப்பின் சான்றன்று.

இலங்கையின் மேற்குக் கரையிலும் இப்பெயர் நிறைந்துள்ளது. சிலாபம், நீர்கொழும்பு, மொறட்டுவை ஆகிய ஊர்களில் சிங்களம் பேசும் எண்ணற்ற குடும்பங்கள் இதனை உடையன. அவருட் பலர் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்னும் பழைய குலப்பெயர்களை முன்வைத்துப் பெர்னாந்து என முடிப்பர். ஒரே பெயர் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் உரியதாயிருப்பதால், பெயரைக் கொண்டு இனத்தைத் துணிய முயல்வோர் ஏமாறுவர்.

மன்னார்க் கத்தோலிக்கர் அனைவரும் இத்தகைய குடும்பப் பெயர் உடையர் என எண்ணுதலும் தவறு. மன்னார் மறைமாவட்டம் 1981இல் அமைக்கப்பட்டது. அதன் ஆயராக 1992 முதல் 2016 வரை விளங்கியவர் இராயப்பு யோசப். இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழர் வழங்கிய பெயர். யோசப்பும் புனிதர் பெயரே. இதில் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. அவருக்குப்பின் 2017இல் நியமிக்கப்பட்டவர் இம்மானுவேல் பெர்னாந்து. அடுத்தடுத்து வந்த இரு ஆயர்களின் பெயர்களிலேயே இருவேறு பெயர் மரபுகளைக் காணலாம்.

இனி, இப்பெயரை எழுதும் முறையை நோக்குவோம். பர்னாந்து, பெர்னாந்து, பெர்னாண்டோ எனப் பலவாறு எழுதுவர். இவற்றுள் எது சரி? போர்த்துக்கேயர் இறுதி ஓகாரத்தை உகரம் போல ஒலிப்பர். தகர இன ஒலியைப் பல்லில் நா பொருந்த ஒலிப்பர். எனவே பெர்னாந்து என்பது அவர் வாய்மொழிக்கு மிக அணித்தானது. சப்பாத்து என்னும் சொல்லிலும் இதே ஒலிமுறையைக் காணலாம். பெர்னாண்டோ என்பது ஆங்கில எழுத்தைக் கண்டு படித்தவர் வடிவம். படிப்பறிவில்லாதார் கொச்சை என்று சிலர் இகழும் வடிவமே செவிவழி வந்த மூத்த வடிவம். தூத்துக்குடிக்குத் தாமிரவருணியின் குடிநீரைக் கொண்டுவந்து புகழ்பெற்ற நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து (1869–1930) பெயரையும் அவ்வூரார் அம்மூத்த வடிவிலேயே வழங்குகின்றனர். அவர் பெயரில் குரூஸ் என்பது ஆட்பெயராய் நிற்றலையும் நோக்குக. மன்னாரிலோ அது பெரும்பாலும் குடும்பப் பெயர்.

எழுத்து வேறுபாடு புலவர்க்கு ஆராய்ச்சி. ஏழை மக்களுக்கோ இடர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரமே உளது. 1914 முதல் இவ்விடையே ஓடிய கப்பல், 1964ஆம் ஆண்டுப் புயலோடு அவ்வழியில் நின்றது. 1983க்குப் பின்னர் போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தோர் மிகப் பலர். இக்கரையில் பிறப்புப் பதிவில் பெர்னாண்டோ என இருந்தவர், அக்கரையில் எழுத்தர் செவிக்குப் பட்டவாறு பர்னாந்து எனப் பதியப்பட்டிருப்பின், தந்தையும் மகனும் ஏட்டளவில் வேறு வேறு குடும்பத்தார் ஆகிவிடுவர். திரும்பி வந்து காணி உறுதியைக் காட்டி உரிமை கோருகையில், ஓர் எழுத்தே தடையாகக் கூடும். சத்தியக்கடதாசியும் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் அத்தருணத்தில் துணைபுரியும். ஆகவே கோயிற் பதிவேடுகளைச் செல்லரிக்காமற் பேணுவதும், அவற்றின் நகலை வேறோரிடத்தில் வைப்பதும், குடும்பத்தார் தம் பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரேவாறு எழுதுவதும் இன்றியமையாத கடமைகள்.

பெர்னாந்து என்னும் பெயருக்கும் இக்கடல் மக்களின் பக்திக்கும் அவர்களிற் பலர் அறியாத தொடர்பு ஒன்றுண்டு. கச்சதீவில் ஆண்டுதோறும் நடைபெறும் திருவிழாவில் இருகரை மீனவரும் கூடி வணங்குவது புனித அந்தோனியாரை. அவர் பதுவைப் பதியர் எனப்படினும் பிறந்த ஊர் லிஸ்பன் நகரமே. துறவு பூணுமுன் அவருக்குப் பெற்றோர் இட்டு வழங்கிய பெயர் பெர்னாந்து. புயலிலும் இருளிலும் அந்தோனியாரே என்று கூவி அழைக்கும் பெர்னாந்துமார், தம் குடும்பப் பெயரை ஒருகாலத்தில் தாங்கியிருந்தவரையே துணைக்கு அழைக்கின்றனர்.