படித்தவர்கள் போட்ட ஆணை



இன்று பட்டம் பெறும் உங்களிடம் 1976இல் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த ஆண்டு சிந்திய ரத்தத்துக்கு மூலமான சட்டத்தையும் ஆணையையும் திணித்தவர்கள் படித்தவர்கள், நன்றாகப் படித்தவர்கள். இந்த மேடையில் அதை எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் உளவியலில் முனைவர். ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1953இல் கறுப்பினக் குழந்தைகளுக்கான பான்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். கறுப்பினக் குழந்தை வாழ்க்கையில் கணிதத்தைப் பயன்படுத்தப் போவதே இல்லை, பிறகு எதற்குக் கற்பிப்பது என்று நாடாளுமன்றத்தில் நின்று கேட்டார். 1976 தொடக்கத்தில் பான்டு கல்வித் துறைக்குத் துணை அமைச்சராக வந்த ஆந்த்ரீஸ் ட்ரூர்நிக்ட் தத்துவத்தில் முனைவர், திருச்சபைப் போதகரும்கூட. மனித மனத்தைப் படித்த ஒருவர், மெய்ப்பொருளைப் படித்த ஒருவர். இந்த இரண்டு பட்டங்களும் அவர்கள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

ஆணை இதுதான்: கறுப்பினப் பள்ளிகளில் கணிதத்தையும் சமூகக் கல்விப் பாடத்தையும் ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழியான ஆஃப்ரிகான்ஸில் நடத்த வேண்டும். வீட்டில் ஸூலுவும் சோத்தோவும் பேசி, பள்ளியில் ஆங்கிலம் பழகிய பிள்ளைகள் அவர்கள். ஆசிரியர்கள் பலருக்கே ஆஃப்ரிகான்ஸ் சரியாக வராது. வெள்ளைக் குழந்தை ஒன்றின் படிப்புக்கு ஆண்டுக்கு 644 ராண்ட் செலவழித்த அரசு, கறுப்புக் குழந்தைக்கு 42 ராண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த 42 ராண்ட் படிப்பின் மேல்தான் இந்தச் சுமையும் ஏறியது.

எடுத்த எடுப்பில் யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை. ஆசிரியர் சங்கம் மனுக் கொடுத்தது. பள்ளி வாரியங்கள் எதிர்த்தன. ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில், மெடோலண்ட்ஸ் பள்ளி வாரியத்தின் இரண்டு உறுப்பினர்களைப் பதவியிலிருந்தே நீக்கினார்கள். மே 17 அன்று அங்கே ஓர்லாண்டோ வெஸ்ட் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். ஒரு மாதம் போயிற்று. கேட்பார் இல்லை. நாளை உங்களில் சிலர் சுற்றறிக்கைகளில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போவீர்கள். உங்கள் மேசைக்கும் மனுக்கள் வரும். சொவேட்டோவில் அந்த மனுக்களை யாராவது ஒருவர் பொறுமையாகப் படித்திருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதே இல்லை.

ஜூன் 16, புதன்கிழமை. சியெட்சி மாஷினினி போன்ற மாணவர் தலைவர்கள் முன்னே போக, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சீருடையோடு ஓர்லாண்டோ விளையாட்டரங்கை நோக்கி நடந்தார்கள். அட்டைகளில் ‘ஆஃப்ரிகான்ஸ் ஒழிக’ என்று எழுதியிருந்தது. ஓர்லாண்டோ வெஸ்ட்டில் போலீஸ் வழிமறித்துச் சுட்டது. 15 வயது ஹேஸ்டிங்ஸ் இன்ட்லோவு செத்தான். 12 வயது ஹெக்டர் பீட்டர்சனும் செத்தான். அவனை ம்புயிசா மகுபோ என்ற இளைஞன் தூக்கிக்கொண்டு ஓட, ஹெக்டரின் அக்கா அழுதபடி கூடவே ஓடிவரும் படத்தை எடுத்தவர் சாம் இன்ஸிமா. படம் உலகத்தை உலுக்கியது. எடுத்தவரோ போலீஸ் தொல்லை தாங்காமல் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போனார். மகுபோ நாட்டை விட்டுத் தப்பி ஓடினான். அவன் திரும்பி வரவே இல்லை.

அன்று இறந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். மெல்வில் ஈடல்ஸ்டீன், வெள்ளையர், சமூகவியல் படித்தவர். சொவேட்டோ மக்கள் நலனுக்காகவே வேலை பார்த்தவர். அங்குள்ள மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு ஆராய்ந்து, நூலாகவும் வெளியிட்டவர். ஆட்சியில் இருந்தவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்ட அவரைத்தான் ஆத்திரத்தில் இருந்த கூட்டம் அடித்துக் கொன்றது. போராட்டம் நியாயமானது என்பதால் இந்தச் சாவு நியாயமாகிவிடாது. இதை மறைத்துவிட்டு அந்தப் பிள்ளைகளைப் போற்றவும் என்னால் முடியாது.

ஊரை நிர்வகிக்கும் வாரியத்தின் அலுவலகங்களையும் அது நடத்திய பீர் கடைகளையும் மாணவர்கள் கொளுத்தினார்கள். பெற்றோர் கூலியைக் குடித்துத் தீர்க்க, அந்த வருமானத்தையும் நம்பித்தான் வாரியம் ஓடியது. கண்மூடித்தனமாகக் கொளுத்தியதாக நான் நினைக்கவில்லை. கிளர்ச்சி அலெக்சாண்ட்ராவுக்கும், ஆகஸ்ட்டில் கேப் டவுனுக்கும் பரவியது. ஜூலையிலேயே அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டது. பிள்ளைகள் அடங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் கேள்வி ஆஃப்ரிகான்ஸைத் தாண்டிப் போய்விட்டது. சொவேட்டோவில் ஆண்டிறுதித் தேர்வையே புறக்கணித்தார்கள். அரசு அமைத்த சில்லியே ஆணையமே 575 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னது.

அதே 1976இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் ஒன்பது இளைஞர்கள் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. மொசாம்பிக் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் கூட்டியவர்கள் அவர்கள். கறுப்பின உணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பீக்கோ மே மாதம் அவர்களுக்காகச் சாட்சி சொன்னார். டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவர்களை ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒன்பது பேரில் சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி இருவரும் டர்பன் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். இந்தியர், கறுப்பர் என்று அரசு போட்ட கோட்டை மறுத்து, நாங்களும் கறுப்பர்களே என்று நின்றவர்கள்.

கூப்பர் அந்தத் தீவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வெளியே வந்து அமெரிக்கா போய் முனைவர் பட்டம் பெற்றார். அவர் எடுத்த பாடம் உளவியல், ஃபெர்வூர்ட் படித்த அதே பாடம். திரும்பி வந்து, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். 2012இல் உளவியலாளர்களின் உலக மாநாடு முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், கேப் டவுனில் கூடியது. அதற்குத் தலைவர் சாத்ஸ் கூப்பர்.