நமது கடைக்கு வாசல் எங்கே?

(நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுத் தொழில் செய்வோரும் சிறு வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய தத்துவ விஷயமல்ல. நீங்கள் கைப்பேசியில் தினமும் கேட்கும் ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். "லிங்க் பயோவில் இருக்கிறது" என்கிறார்கள் அல்லவா? அந்த லிங்க் எதற்கு, அதை எப்படி வைத்தால் நமக்குப் பிரயோஜனம் என்பதுதான் கேள்வி. நான் சொல்லுவதால் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வூர்ப் பக்கத்தில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் அம்மாள் ஒருவரை எனக்குத் தெரியும். முடிச்சுப் போடுவதை அவருடைய மகள் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஊரெல்லாம் பார்த்தது, ஆனால் ஒரு சேலைகூட விற்கவில்லை. காரணமென்ன? பயோவில் இருந்த லிங்க், முந்தின வருஷத் தீபாவளிக்குப் போட்ட ஆர்டர் படிவத்துக்குப் போயிற்று. அந்தப் படிவமோ மூடிக் கிடந்தது. வந்தவர்கள் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த அம்மாளோ, "நமக்கு ராசியில்லை" என்றார். ராசி என்ன செய்யும், தோழர்களே? கதவைத் திறக்காதது நமது குற்றமல்லவா?

இந்த ஏற்பாடு எப்படி வந்ததென்று பார்ப்போம். இன்ஸ்டாகிராம் 2010-இல் தோன்றியது. படத்தின் கீழே விலாசம் எழுதினால் சாதாரணமாக அதைத் தொட்டுப் போக முடியாது. பயோவில் ஒரே ஒரு லிங்க்தான் வைக்கலாம் என்பது வெகுகாலம் வரை விதி. ஆகவே 2016-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் லிங்க்ட்ரீ என்ற சேவையை ஆரம்பித்தார்கள். அந்த ஒரு லிங்க்கைத் தொட்டால் ஒரு சிறு பக்கம் திறக்கும்; அதில் பல லிங்க்குகள் இருக்கும். 2023 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமே ஐந்து லிங்க் வரை அனுமதித்தது. ஆனால் வருகிறவர் கண்ணுக்கு முதல் லிங்க்தான் தெரியும். மற்றவை அதற்குள் மறைந்திருக்கும். ஆகையால் தனிப் பக்கத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்தப் பக்கம் எப்படியிருக்க வேண்டும்? முதலாவது, வந்தவர் எதற்கு வந்தாரோ அது மேலே இருக்க வேண்டும். சேலை பார்த்து வந்தவருக்குச் சேலையும் விலையும் முதலில். ஆர்டர் கொடுக்க வாட்ஸ்அப் லிங்க் இரண்டாவது. கடையிருந்தால் வழி காட்டும் மேப் மூன்றாவது. அதற்கு மேல் ஒன்றிரண்டு போதும். இருபது லிங்க் வைத்தால் பெருமையாகத் தோன்றலாம்; வந்தவர் திகைத்துத் திரும்புவார்.

இரண்டாவது, "இங்கே தொடுக" என்று எழுதாதீர்கள். தொட்டால் என்ன கிடைக்கும் என்பதை எழுதுங்கள். "சுங்குடிச் சேலை - விலைப் பட்டியல்" என்று தெளிந்த தமிழில் எழுதினால் பாட்டிக்கும் புரியும். மேலே உங்கள் தொழிலின் பெயர், ஊர், ஒரு முகப்படம், ஒரு வரி விவரம் இருக்கட்டும்.

மூன்றாவது, பெரிய பெரிய படங்களை ஏற்றாதீர்கள். மலிவான கைப்பேசியில், சிக்னல் குறைந்த இடத்தில் திறந்து பாருங்கள். நீங்களே காத்திருந்து சலித்தால் வாங்க வந்தவர் காத்திருப்பாரா?

நான்காவது, ஒவ்வொரு லிங்க்கையும் எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கை இச்சேவைகள் காட்டும். மாதம் ஒரு முறை அதைப் பாருங்கள். ஒருவரும் தொடாததை எடுத்துவிடுங்கள். காலாவதியானதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஊகத்தைவிடக் கணக்கு மேல்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கம்பெனிகள் எல்லாம் வாடகை வீடுகள். 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதையே நம்பியிருந்தவர்கள், சேர்த்த ஜனங்களை ஒரே இரவில் இழந்தார்கள். 2022 டிசம்பரில் ட்விட்டர், லிங்க்ட்ரீ போன்றவற்றின் லிங்க்குகளுக்குத் தடையென்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் உடனே வாபஸ் வாங்கியது. ஆர்க்குட் 2014-இல் போயிற்று. கூகுள் பிளஸ் 2019-இல் போயிற்று. ஆகவே முடிந்தவர்கள் வருஷக் கட்டணம் கட்டிச் சொந்தமாக ஒரு விலாசம் வாங்குங்கள். பையிலும் பில்லிலும் அதையே அச்சடியுங்கள். சேவை மாறினாலும் விலாசம் மாறாது. அதை வேறு பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். வாடிக்கைக்காரர் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டிலும் குறித்து வையுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாகவும் ஒரு வார்த்தை. வீட்டு விலாசம், ஆதார், சொந்த உபயோகத்துக்கான எண் இவற்றை அந்தப் பக்கத்தில் போடாதீர்கள். தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு இரட்டைப் பூட்டு, அதாவது டூ-ஸ்டெப் சரிபார்ப்பு, கட்டாயம் போடுங்கள். திருடன் உள்ளே புகுந்து லிங்க்கை மாற்றினால், உங்களை நம்பினவர் பணம் அவனிடம் போகும். பெயர் கெடுவதோ உங்களுடையது. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று எவனாவது சொன்னால் அவன் மோசக்காரன். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதேயில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை. உங்கள் பக்கத்தை, உங்களை அறியாத ஒருவர் கையில் கொடுத்து, "ஒரு சேலை வாங்கு" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்துங்கள். அந்த அம்மாளின் மகள் அப்படித்தான் திருத்தினாள். இப்போது ஆர்டர் வருகிறது. ராசியைப் பற்றி அந்த அம்மாள் பேசுவதில்லை.