ஈரமான அறைகளில் சாயமிட்ட மரத்திற்கு ஏற்ற தெளிவான பூச்சு
(பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பால் சங்கத்தின் கொள்முதல் அறையை நீங்கள் அறிவீர்கள். காலையும் மாலையும் அதன் தரை கழுவப்படுகிறது. கேன்களும் அளவைகளும் அங்கேயே அலம்பப்படுகின்றன. அவ்வறையிலுள்ள மேஜைக்கும் கதவுக்கும் கணக்கு அலமாரிக்கும் ஈரம் ஓய்வதே இல்லை. சங்கப் பணத்தில், அதாவது உங்கள் பணத்தில், மரம் வாங்கித் தேக்கு நிறத்தில் சாயமேற்றிய மேஜை ஓராண்டிற்குள் திட்டுத் திட்டாய் வெளுத்துப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மரமன்று. அதன்மேல் தடவிய பூச்சே. ஆகவே சாயத்தின் நிறம் மறையாதபடி மேலே தடவ எந்தப் பூச்சைத் தெரிந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

நம் தச்சர்கள் நெடுநாளாய்க் கையாண்டு வருவது ஸ்பிரிட் பாலிஷ். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சால் தேய்ப்பது இது. அரக்கு நம் தேசத்துப் பொருள். அதை ஆராய்வதற்கென்றே 1924-ல் ராஞ்சிக்கருகில் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. உலர்ந்த அறையில் இதன் அழகுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் தண்ணீர் தேங்கி நின்றால் அரக்குப் பூச்சு வெளுக்கும். கேன் கழுவும் சலவைச் சோடாவோ காரமுள்ளதாகையால் பூச்சைக் கரைத்தே விடும். இன்னொரு தொந்தரவும் உண்டு. மழை நாளில் தேய்த்தால், ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, தடவிக்கொண்டிருக்கும்போதே பூச்சு பால்போல் மங்கிவிடும். தச்சர் கைவேலையில் குற்றமில்லை. காலமும் இடமும் அதற்கு ஏற்றவையல்ல.

வெறும் ஆளிவிதை எண்ணெயில் ஈரமான இடத்தில் பூசணம் பற்றும். மெழுகு நீரை அதிக நேரம் தாங்காது.

இவ்வறைக்கு நான் சிபாரிசு செய்வது எண்ணெயில் அமைந்த பாலியூரித்தேன் வார்னிஷ். தண்ணீரையும் சோடாவையும் அது அரக்கைவிட மிக நன்றாய்த் தாங்கும். சற்றே மஞ்சள் சாயல் தரும்; தேக்கு நிறத்திற்கு அது குறையல்ல. நீரில் கலந்த பாலியூரித்தேனும் கிடைக்கிறது. அதில் வாடை குறைவு, மஞ்சளும் ஏறாது. ஆனால் எண்ணெய்ச் சாயம் முற்றிலும் உலருமுன் அதைத் தடவினால் பூச்சு பற்றாமல் உரியும். நீர்ச் சாயத்தின்மேல் தடவினால் நிறம் பிரஷ்ஷோடு இழுபடக்கூடும். சாயம் கலையாதிருக்க முதலில் அரக்கு ஒரு கை தடவுவோரும் உண்டு. அவர்கள் மெழுகு நீக்கிய அவலரக்கையே கேட்டு வாங்கவேண்டும். மெழுகுள்ளதன்மேல் பாலியூரித்தேன் சரியாய்ப் பிடிக்காது.

எந்தப் பூச்சும் ஈரத்தை அடியோடு தடுப்பதில்லை. உட்புகுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மேல்முகத்தை மட்டும் பளபளப்பாக்கி அடிமுகத்தை விட்டுவிட்டால், அடிமுகம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளைந்துவிடும். ஆறு முகங்களுக்கும் பூச்சு வேண்டும். குறுக்கே அறுத்த முனைகள் நீரை மிகுதியாய் உறிஞ்சுவதால் அங்கே ஒரு கை அதிகமாகவே தடவுங்கள். கதவின் அடிவிளிம்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவது வழக்கம். கதவு அழுகத் தொடங்குவதும் அங்கேதான். நிலையில் மாட்டுமுன்பே அதைப் பூசிவிடவேண்டும்.

சாயமேற்றி, மிகுந்ததைத் துணியால் துடைத்து, கையில் ஒட்டாதபடி உலரவிடுங்கள். பிறகு மெல்லியதாய் மூன்று கை. ஒவ்வொன்றிற்கும் இடையே ஒரு நாள் விட்டு, நயமான உப்புத்தாளால் இலேசாய்த் தேய்த்துத் தூசி துடைக்கவேண்டும். முதற்கைக்குமுன் சாயத்தின்மேல் உப்புத்தாள் படலாகாது, நிறம் போய்விடும். அக்டோபர் மழைக்கு முன்பே வேலை முடிந்துவிடுவது நலம். தொட்டால் உலர்ந்ததாய்த் தோன்றினாலும் பூச்சு முற்றிலும் இறுகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை ஈரக் கேனை மேஜைமேல் வைக்கலாகாது.

மொத்தமாய் வாங்குமுன், அதே மரத்துண்டில் அதே சாயமும் பூச்சும் இட்டு, இறுகியபின் அதன்மேல் சோடாத் தண்ணீரை ஓரிரவு நிற்கவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எண்ணெய்ச் சாயமும் வார்னிஷும் துடைத்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் உலரும்போது உண்டாகும் சூட்டால் அவை தாமே தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியே ஒவ்வொன்றாய் விரித்து உலர்த்துங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த தகரத்தில் அமிழ்த்தி வையுங்கள்.