நோயாளியின் வாசலில் நம் கடமை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது நம் மீதுள்ள கடமைகளுள் ஒன்று என்பதை அனைவரும் அறிவோம். நமது மஹல்லாவில் ஒருவர் படுத்துவிட்டார் என்றால் மாலைக்குள் அவர் வீட்டு வாசலில் பத்து ஜோடிச் செருப்புகள் கிடக்கும். இது நம் சமுதாயத்தின் பெருமை. ஆயினும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேறிய ஒருவரின் வீட்டில், அந்தக் கூட்டமே அவருக்கு ஆபத்தாகிவிடக்கூடும். இதனை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. இரத்தப் புற்றுநோயில் அந்த மஜ்ஜையே நோயுறுகிறது. கீமோதெரபி எனும் மருந்துச் சிகிச்சை நோயணுக்களை அழிக்கும்போது நல்ல அணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் மருந்தேறிய 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை இக்குறைவு மிகுதியாக இருக்கும். நலமுள்ளவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உண்டு. அவற்றுள் கிருமியை முன்னின்று எதிர்க்கும் நியூட்ரோஃபில் எனும் வகை 500-க்கும் கீழே இறங்கிவிட்டால், நமக்கு இரண்டு நாளில் வந்து போகும் நோய் அவருடைய உயிருக்கே உலையாகலாம்.

இவ்வாறு சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒரு சிறுவனின் தாயார், பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, சலாம் கூறி அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் மனிதர்களை மதிக்கத் தெரியவில்லை என்று சிலர் பேசியது நம் செவிக்கும் எட்டியது. அந்தத் தாய், செவிலியர் கற்றுக் கொடுத்ததைத் தவறாமல் செய்தார். அவரது மனத்தைப் புண்படுத்தியவர்கள் அவரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்வதே முறையாகும்.

செவிலியர் பணி என்றால் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் என எண்ணுவோர் பலர். புற்றுநோய்ப் பிரிவில் அவர்கள் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் ஒவ்வொரு முறையும் கைகளைத் தூய்மை செய்கிறார்கள். வாயில் புண் வந்துள்ளதா என நாள்தோறும் பார்க்கிறார்கள். தட்டணுக்கள் குறைந்தவருக்கு எளிதில் இரத்தம் கசியுமாதலால் தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்கிறார்கள். மென்மையான பிரஷ் கொண்டே பல் துலக்கச் சொல்கிறார்கள். அந்நாள்களில் ஈறைக் கீறக்கூடிய மிஸ்வாக் குச்சியையும் தள்ளி வைப்பதே நலம். இரத்தம் ஏற்றுமுன் பெயரையும் இரத்தப் பிரிவையும் இருவராகச் சரிபார்த்து, முதல் 15 நிமிடங்கள் நடுக்கமோ மூச்சுத் திணறலோ வருகிறதா என உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்.

வீடு திரும்பிய பின் இந்தக் கவனிப்பு குடும்பத்தாரின் பொறுப்பாகிறது. அதில் முதன்மையானது காய்ச்சல். வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் சிகிச்சையளிக்கும் மருத்துவமனைக்குத் தகவல் கூறிப் புறப்பட்டுவிட வேண்டும். அங்கு சேர்ந்த ஒரு மணி நேரத்திற்குள் கிருமியெதிர்ப்பு மருந்து நரம்பில் ஏறத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ முறை. பாராசிட்டமால் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ‘ஃபஜ்ரு பாங்கு சொல்லட்டும், விடிந்ததும் பார்ப்போம்’ என்று காத்திருந்தால் காய்ச்சல் மறையும். கிருமி உள்ளே பெருகும்.

தண்ணீர் கொண்டு வந்து ஓதி ஊதித் தருமாறு கேட்போர் நம்மிடம் வருகிறார்கள். வெள்ளையணு குறைந்தவருக்காக நாம் துஆச் செய்வோம். நீரில் ஊத மாட்டோம். அவர் அருந்தும் நீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். வாய்க்காற்று நீரில் படாவிட்டாலும் துஆவைச் செவியேற்பவன் செவியேற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

அவ்வாறாயின் நாம் செய்யக்கூடியது என்ன? இரத்தம் கொடுக்கலாம். நம் நாட்டு இரத்த வங்கிகளில் தட்டணுக்களை 5 நாள்கள் வரையே இருப்பு வைக்கிறார்கள். சென்ற மாத முகாமில் சேர்ந்தது இந்த மாத நோயாளிக்கு உதவாது; தேவைப்படும் நாளில் ஆள் வேண்டும். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் இரத்தம் வழங்கலாம். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கோ ஏறத்தாழ 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியுள்ளது. ஆகவே இரத்தப் பிரிவு வாரியாக இளைஞர்களின் பட்டியலும், இரவில் வாகனம் தருவோரின் பட்டியலும் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்க வேண்டுமென வேண்டுகிறோம். நலம் விசாரிப்பதைத் தொலைபேசியில் செய்வோம். வருமானம் நின்றுபோன வீட்டிற்கு அரிசியையும் மளிகையையும் வாசலில் சேர்ப்போம்.

நோயாளியைப் பராமரிப்பது நம் மார்க்க வரலாற்றில் பள்ளிவாசலுக்கு அந்நியமான பணியன்று. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் கையில் அம்பு தைத்து இரத்தம் பெருகியபோது, மஸ்ஜிதுந் நபவியில் இருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் அவர்களைச் சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயமுற்றோரைப் பராமரிக்கத் தம்மை ஒப்படைத்தவர் அந்த அம்மையார். நம் பெண்மக்களுள் செவிலியர் படிப்பை நாடுவோர் உண்டு. ‘இந்த வேலை எதற்கு?’ என்று அவர்களைத் தடுக்கும் பெற்றோர், அந்தக் கூடாரம் எங்கே இருந்தது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நோயுற்றோருக்கு வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தருவானாக! இரவு பகலாக அவர்கள் அருகில் விழித்திருக்கும் கரங்களுக்கு வலிமையைத் தருவானாக! ஆமீன்.